மூன்றாவது கடற்கரை

"அவருக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாதும்மா" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள்.

பயண ஏற்பாட்டு அலுவலகத்துப் பெண் சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திட்டு, இந்த வயசுல திருட்டுத்தனமா ஆன்ட்டி?" என்று மூன்று கடற்கரைகளின் படங்களை அச்செடுத்து நீட்டினாள். மகளோடு பள்ளியில் படித்தவள் அவள்.

மூன்றாவது கடற்கரையில்தான் மகள் இருந்தாள். படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடமாகிறது. "இனி அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று கணவர் அன்று நின்ற நிலை அவளுக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பண்ணிவிட்டாள்.

இப்போது பேத்திக்கு நான்கு பல் முளைத்துவிட்டதாம். அதையும் இந்த அலுவலகப் பெண் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. ஒரு தடவை, அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில், ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்துவிட்டு வந்துவிட்டால் போதும்.

கணவர் எடை அளவு ஆய்வாளர். மாதம் இரண்டு நாள் வெளியூர்களுக்குப் போய்க் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பவர். ஒரு கிராம் குறைந்தாலும் பிடித்துவிடுகிற கண்கள். அந்தக் கண்களுக்கு முன்னால் அவள் படங்களைப் பரப்பினாள்.

"எங்கயாவது நாலு நாள் போய்ட்டு வரலாமேன்னு..."

முதல் படத்தைத் தள்ளினார். "இங்க ஜனம் ஈ மாதிரி மொய்க்கும்." அடுத்ததையும் தள்ளினார். "இத்தனை படியா? உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"மூணாவது ரொம்ப ஒதுக்குப்புறங்க. போன்கூட எடுக்காதாம். வேண்டாம்" என்றாள். அவள் வேண்டாம் என்றால்தான் அவர் வேண்டும் என்பார்.

"அப்ப அதுதான் சரி."

ஒரு சட்டை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவர், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஏமாறுவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஜெயித்த சந்தோஷம்தான் வரவில்லை.

புறப்படும் காலையில், ராத்திரிக் கடல் காற்றுக்கு ஆகுமென்று அவளுடைய கம்பளியை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார். குனிந்த தலையில் எத்தனை நரை. அந்தத் தலையில் அடித்துத்தானே சத்தியம் செய்தாள்.

அந்தக் கரைக்குப் போகும் படகில் பாதி வழி வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, உங்களை ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன். நம்ம பொண்ணு இங்கதான் இருக்கா. குழந்தையப் பார்க்காம இருக்க முடியலங்க. திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. வேணும்னா இதே படகுல திரும்பிடலாம்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. கோபம்தான் என்று அவள் புடவை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

படகு கரை தட்டியது. துறையை ஒட்டிய பட்டறை வாசலில், இடுப்பில் குழந்தையோடு மகள் நின்றிருந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் வாய் பிளந்தது. பிறகு பார்வை அவரிடம் போனது.

"என்னப்பா, இந்த மாசம் அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"