மேல்படியில் நின்றவர்

மதியச் சாப்பாடானதும் நம்ம தையல்காரம்மா டிவியில் ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டுச் சட்டைகளுக்குக் காஜா எடுக்க உட்காருவாள். அதில் மாடிப்படியில் உருண்டு விழும் சிரிப்பு நடிகர் செத்து வெகுகாலம் ஆகிறது.

"போய்ச் சேர்ந்த மனுஷனைத் தினமும் உருட்டுறியே, பாவம்டி!" என்பாள் மூத்த நாத்தனார்.

"அவர் உருண்டாத்தானே அண்ணி எனக்குச் சிரிப்பே வருது!"

அன்று நடிகர் மேல்படியிலேயே நின்றுவிட்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திரையிலிருந்து இவளைப் பார்த்தார்.

"முட்டி தேஞ்சுபோச்சும்மா. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்."

பதறிப்போய் ரிமோட்டை அழுத்தினாள். பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தாள். படம் அணையவில்லை. அவரும் சற்றுக் காத்திருந்து, பெருமூச்சு விட்டு உருண்டார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

கீழே கிடந்தவர் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டே மறுபடி படியேறத் தொடங்கினார்.