சாவி திருப்ப ஓர் ஆள்

ஹந்தானைச் சரிவில் திடீரென்று எஞ்சின் நின்றுபோக, பெற்றீசியா பழைய காரை ஓரங்கட்டிப் பொனட்டைத் திறக்கிறாள். கணவர் ஹென்றி இறந்தபின் அவள் காரைத் தனியாக வெளியே எடுத்திருப்பது இதுதான் முதல் தடவை. தேயிலைச் செடிகளின் மேல் பனி படிந்து கிடக்கிறது. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். பெற்றோல் வாடை மூக்கில் ஏறுகிறது. அப்படியென்றால் பெற்றோல் வருகிறது, கரண்ட்தான் வரவில்லை. கரண்டைக் கூட்டிக் கொடுக்கும் இக்னிஷன் கொயிலிலிருந்து வரும் தடித்த வயரைக் கழற்றி, துணி சுற்றிய கையால் எஞ்சின் இரும்பருகே பிடிக்கிறாள். பொறி பறக்கிறதா என்று பார்க்க, உள்ளேயிருந்து யாராவது சாவியைத் திருப்ப வேண்டும். இத்தனை வருஷமும் ஹென்றி வயரைப் பிடிப்பார், அவள் திருப்புவாள். என்ன செய்வதென்று தெரியாமல் வயரைப் பிடித்தபடியே நிற்கிறாள். கொழுந்து பறிக்கும் வேலை முடிந்து, நனைந்த சேலையும் காலிக் கூடையுமாக வந்த மூக்காயி என்ற கொழுந்துக்காரி நிற்கிறாள். "என்னங்கம்மா, வண்டி நின்னுருச்சா?" "ஆமா. உள்ள உக்காந்து இந்தச் சாவியக் கொஞ்சம் திருப்புறீங்களா?" "சீட்டு நனைஞ்சிருங்களே." "பரவாயில்ல, திருப்புங்க." எஞ்சின் முனகுகிறது, பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே மெல்லிய வயரொன்று கழன்று தொங்குகிறது. அதை மாட்டி இறுக்குகிறாள். "இப்ப திருப்புங்க." நீலப் பொறி சடசடக்கிறது. மூடியையும் வயரையும் திரும்பப் பூட்டியபின், அடுத்த திருப்பில் எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொள்கிறது. மூக்காயி வாய்விட்டுச் சிரிக்கிறாள். "அந்தப் பக்கம் ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்," என்கிறாள் பெற்றீசியா அவசரமாக. "வேணாங்கம்மா, எங்க லயத்து வீடு இந்தா கீழதான் இருக்கு." கூடையை மாட்டிக்கொண்டு மூக்காயி படிகளில் இறங்கிப் பனிக்குள் மறைகிறாள். பெற்றீசியா ஏறி உட்காருகிறாள். சீட் ஈரமாக, இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது. அந்தச் சூடு ஆறும்வரை அவள் கியரைத் தொடவில்லை.