கடைசிப் படத்தில் ஒரு வல்லூறு

"ஆள் சின்னவன்தான். ஆனா சரியான கொலைகாரன்" என்றார் பறவை சார்.

தையற்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறவை சார் சிரித்தபடி ஜெராக்ஸ் தாளை விரலால் தட்டினார். "இவனைச் சொல்றேன். வல்லூறு. அணில், ஓணான், குருவி எதையும் விட்டுவைக்க மாட்டான்."

பூங்காவின் ஏரிக்கரை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறுதோறும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இங்கே பறவை காட்டுவதால் பறவை சாருக்கு அந்தப் பெயர். தையற்காரரின் மகளும் அந்தப் பத்தில் ஒருத்தி. மூன்று வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, இதே ஏரியிலிருந்துதான் அவள் உடலை எடுத்தார்கள்.

தனியாக வந்து கால் தவறி விழுந்துவிட்டாள் என்றது போலீஸ். கேமராவைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, அதிலிருந்த கடைசிப் படத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து தையல் மெஷினை மிதித்தாலே, அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து மகள் கேட்கிறாள்: "அப்பா, இது என்ன பறவை, சொல்லு?" பதில் தெரியாமல் அவர் மிதிப்பதை நிறுத்திவிடுவார்.

"குயில்ல ஒண்ணு இதே மாதிரி இருக்குமாமே சார்?"

"இருக்கு. ஆனா அலகைப் பாருங்க, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. குயிலுக்கு இப்படி வளையாது."

"இதை வேற யார்கிட்டயும் நான் காட்டல சார். அவ தனியா வர்ற பொண்ணே இல்ல. கூட யாரு இருந்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும். இந்தப் பறவையை நீங்க இங்க பாத்திருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல. பன்னெண்டு வருஷமா வர்றேன், இந்தப் பூங்காவுல ஒரு தடவைகூட இது என் கண்ணுல பட்டதில்ல. அவளுக்குக் கொடுத்து வச்சிருக்கு."

தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி மகள் கேட்டால் பேராவது சொல்லலாம். பறவையின் காலருகே நெளிந்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன சார், ஜெராக்ஸ் மெஷின்ல விழுந்த கீறலா?"

"அது பட்டத்து நூல். கால்ல சிக்கியிருக்கு, பாவம். நல்ல செவப்பு நூல்."

தையற்காரர் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முப்பது வருஷமாக நூலோடு பிழைப்பு நடத்துகிறவர்.

"இதுல எல்லாமே கறுப்புதானே, சார்?"