நூல் தொடங்கும் இடம்

நவமணி நான்காவது தடவையாக நூலைப் பிடித்தாள். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அவள் முன்னால் கிடந்த டிரான்ஸ்ஃபார்மர் கோர், இரண்டு லாடத் துண்டுகளை வாய்க்கு வாய் பொருத்திப் பட்டியால் இறுக்கிய இரும்புச் சட்டம். அதில் காந்த விசை சுற்றிவரும் பாதையை உள்விளிம்பில் அளக்கக் கூடாது, வெளிவிளிம்பிலும் கூடாது. நடுக்கோட்டில் நூலை ஓட்டி, மூலைகளில் வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். வந்தாள். அதே நூற்றிருபது சென்டிமீட்டர். ஆனால் சோதனையில் கோர், கணக்கு சொன்னதைப் போல் இருமடங்கு மின்சாரத்தை இழுக்கிறது.

"நீளம் சரின்னா கம்பிச் சுத்துதான் தப்பு. புஷ்பராணி இன்னொரு தடவ பிரிச்சுச் சுத்தட்டும்," என்றார் சூப்பர்வைசர்.

ஏற்கெனவே இரண்டு முறை பிரித்துச் சுற்றியிருந்த புஷ்பராணி, பிளாஸ்திரி ஒட்டிய விரல்களால் கம்பியின் நுனியைத் தேடினாள்.

நூலை எடுக்கக் குனிந்த நவமணி அப்படியே நின்றாள். நூல் தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக, கோரை இறுக்கிய அன்று அவளே இணைப்பில் செருகிய அட்டைத் துண்டு. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே அந்த மெல்லிய கனத்தைக் கடப்பது, காந்த விசைக்கு இரும்பில் இன்னொரு நூற்றிருபது சென்டிமீட்டர் சுற்றுவதற்குச் சமம்; அதனால்தான் இருமடங்கு மின்சாரம். நான்கு தடவையும் அந்த அட்டையிலிருந்துதான் அளக்கத் தொடங்கியிருக்கிறாள். நகக்கண் அளவுதான் வெளியே தெரிந்தது. கிள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது.

பிடித்து இழுத்தாள். இரும்பு விடவில்லை.

"கம்பிய விடு புஷ்பா. தப்பு சுத்துல இல்ல, இங்க," என்றாள். அட்டையின் நுனி இன்னும் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது.