தொப்பி போட்ட பெட்டி

கம்ப்யூட்டர் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு திடுமென முளைத்தது ஒரு பெட்டி. தலையில் போலீஸ் தொப்பி.

"கம்ப்யூட்டரைப் பூட்டியாச்சு! உன்மேல கேஸ் இருக்கு. உடனே அபராதம் கட்டு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. அணைச்சா கைதுதான்!"

மேஜையில் இருந்த மவுஸ் அவசரமாக நகர்ந்தது. பெட்டியின் மூலையில் இருந்த மூடும் குறியை அழுத்திப் பார்த்தது, பெட்டி அசையவில்லை.

"என்ன கேஸுங்க?"

"கேள்வி கேட்காதே! அணைக்காதே! காசைக் கட்டு!"

மவுஸுக்கு அப்போதுதான் உறைத்தது. பிடிக்க வந்த போலீஸ், அணைப்பதற்கு ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்?

சுவரைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. "சுவிட்சண்ணே! இந்த ஆளு உங்களைக் கண்டு நடுங்குறான். ஒரு தட்டு தட்டுங்க!"

"ஐயோ, பாதி கட்டினாப் போதும்!" என்று பதறியது பெட்டி. "சரி, கால்வாசி..."

டக்.

மறுபடி வெளிச்சம் வந்தபோது, திரையில் அந்தத் தொப்பிகூட மிச்சமில்லை.