பத்து நிமிடம் செல்லும் எண்

பந்தல் ஒப்பந்தக்காரர் தணிகைவேலின் ஜி.எஸ்.டி. கணக்கைப் ஏழு ஆண்டுகள் இணையத்தில் தாக்கல் செய்தவர் சௌந்தரவல்லி. ஒரு கெடுவும் தவறியதில்லை. "அம்மா கண்ணுக்குப் புள்ளி எது, பூச்சி எதுன்னே தெரியல" என்று ஆட்கள் முன்னே சிரித்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்ட தணிகைவேல், தளத்தில் பதிந்திருந்த அவருடைய கைப்பேசி எண்ணை மாற்ற மறந்துபோனார்.

அதன்பின் ஆறு மாதமாகக் கணக்கு தாக்கலாகவில்லை; நோட்டீஸில் தந்த கெடுவுக்கு இன்று இறுதி நாள். தவறினால் பதிவே ரத்தாகும். தணிகைவேல் வாசலில் வந்து நின்றார்.

"உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும்மா. பத்து நிமிஷந்தான் செல்லும். ஆபீஸ்ல லைன்ல இருக்காங்க."

சௌந்தரவல்லி கைப்பேசியைப் பார்த்தார். ஆறு இலக்கங்களும் தெளிவாக இருந்தன.

"உக்காருங்க. கண்ணாடியைத் தேடணும்."

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தணிகைவேல் உட்கார்ந்தார்.