முந்தைய பதிப்பு

"பழைய சர்வர்ல ஆமை எழுதினதைத் தேடு. இதே கோளாறு அப்பவும் வந்துச்சு" என்றாள் அவள். இன்று அவள் மென்பொருள் பிரிவுக்கே மேனேஜர்.

புது டிக்கெட் மெஷினின் ஃபிளாஷ் மெமரியில் தகராறு. ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால் அதை இயக்கும் 'டிரைவர்' புரோகிராம் தானே திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு புரண்டால், 'என்னால் ஆகாது' என்று கையை விரிக்க வேண்டும். இதுவோ 'எல்லாம் சரி' என்று சாதித்துவிட்டு, தப்புத் தப்பாக டிக்கெட் அடித்தது.

"ஆமையா!" டெஸ்டர் சிரித்தான். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். "அந்தப் பேரை வெச்சதே நீதானே?"

"பின்னே? நமக்கு சீனியர்னாலும், ஒரு வரியை மூணு தடவை படிப்பாரு. காபி ஆறி ஆடை கட்டினாலும் தெரியாது."

அப்போது அவரும் இவர்கள் இருவரும் ஒரே மேசையில். கால் நீட்டினால் வயர் இடறும். ஆனாலும் அந்த அறையில் சிரித்த சிரிப்பு, இந்தக் கண்ணாடி அறையில் வரவில்லை.

"மூணு தடவை படிச்சு என்ன புண்ணியம்? நானூறு மெஷின் திரும்பி வந்துச்சே!"

"மீட்டிங்ல எழுந்து, 'நான்தான் எழுதினேன்'னு சொன்னாரு. எந்த வரின்னு கூட யாருக்கும் காட்டல. திருத்திக் கொடுத்தாரு, அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. யானைக்கும் அடி சறுக்கும், பாவம்."

"கிடைச்சுடுச்சு!" டெஸ்டர் குறிப்பை உரக்கப் படித்தான். "'பிழை திருத்தப்பட்டது. தவறு என்னுடையது. முந்தைய பதிப்பைப் பார்க்கத் தேவையில்லை.' பார்க்காதேன்னா பார்க்காம இருப்போமா?"

முந்தைய பதிப்பைத் தட்டித் திறந்தான். சிரிப்பு நின்றது. மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான்.

பிழையான அந்த வரி. 'எழுதியவர்' என்ற இடத்தில் அவளுடைய பெயர். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம்.

யார் யாரிடமோ கேட்டு அவருடைய நம்பரை வாங்கினாள்.

"சார், அந்த வரி என்னோடது. ஏன் சார் சொல்லல?"

மறுமுனையில் அதே நிதானமான குரல்.

"எனக்குப் பதினோரு வருஷ அனுபவம் இருந்துச்சும்மா. எங்கே போனாலும் ஒரு நாற்காலி கிடைக்கும். மூணே வாரத்துல வெளியே அனுப்பின பொண்ணுக்கு யாரு கொடுப்பா?"